இடது கை குட்டையான சட்டை

லாரி புக்கிங் ஆபீஸில் என் முதல் நாளைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மனைவி சரோஜா, "எல்லாத்தையும் எழுதறீங்க, ஆட்டையாம்பட்டியில கை கழுவுன கதைய மட்டும் எழுத மாட்டீங்க" என்றாள். உண்மைதான். எழுதாமலே தாண்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் சொன்ன பிறகு வேறு எதை எழுத உட்கார்ந்தாலும் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் கண் முன்னால் வந்து நிற்கிறது.

ஆட்டையாம்பட்டியில் ஒரு வீட்டின் பின்பக்கம். என் மூத்த மகள் கவிதாவுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் வீடு அது. காலைப் பலகாரத்துக்கு இலை போட்டிருந்தார்கள். கை கழுவப் போனேன். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தொட்டித் தண்ணீர்கூட லேசாக நடுங்கியது.

மாப்பிள்ளையின் அம்மா சொம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினார். பூங்கொடி என்று பெயர். கணவரை இழந்தவர். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு மகனும் உறவினரும் வந்தபோது, நல்ல காரியத்துக்குத் தான் முன்னால் வரக்கூடாது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாராம். ஆகவே அன்றுதான் அவரை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நான் போட்டிருந்தது முழுக்கைச் சட்டை. வெளிர் நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு. இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தேன். குனிந்து கழுவியதில் இடது கை மடிப்பு நெகிழ்ந்து, அவிழ்ந்து இறங்கியது. மணிக்கட்டு வரைக்கும் வரவில்லை. அதற்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டது.

தண்ணீர் நின்றது. சொம்பு தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நிமிர்ந்தேன். சொம்பில் தண்ணீர் இருந்தது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடிச்சு உடுங்கண்ணா" என்றார். குரல் தறிச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போயிற்று. "பையன் வாரதுக்குள்ள மடிச்சு உட்டுருங்க."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரிந்த அந்த நொடியில் சட்டைக்குள் என் உடம்பு முழுவதும் வேர்த்துவிட்டது.

துணியில்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது

லாரி புக்கிங் ஆபீஸ் சம்பளத்தில் இரண்டு பெண்களைப் படிக்க வைப்பது எப்படி என்று சரோஜாவைத்தான் கேட்க வேண்டும். வாடகையைக் குறைக்க முடியாது. காலேஜ் பீஸைக் குறைக்க முடியாது. அரிசி பருப்பில் ஓரளவுக்கு மேல் கை வைத்தால் பிள்ளைகளின் முகத்தில் தெரிந்துவிடும். சுருக்க முடிந்தது துணி ஒன்றைத்தான்.

முதலில் ஆடித் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வருஷத்துக்கும் சேர்த்து எடுத்தோம். பிறகு துண்டுத் துணிகளை எடைக்கு வாங்கி அவளே தைத்தாள். பெரியவளின் சுடிதார் சின்னவளுக்கு வரும், சின்னவளுடையது தலையணை உறையாகும். அதுவும் பற்றாமல் போன ஒரு வருஷத்தில்தான் பாத்திரக்கார அம்மாக்களின் வழியைக் கண்டுபிடித்தாள்.

பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு தலையில் கூடையோடு தெருவில் வருவார்களே, அவர்கள்தான். எல்லார் வீட்டிலும் அவர்களுக்குத் துணி போட்டு எவர்சில்வர் டப்பாவோ பிளாஸ்டிக் வாளியோ வாங்குகிறோம். அந்தத் துணி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சரோஜா கேட்டாள்.

கிழிந்ததெல்லாம் லாரிப் பட்டறைக்குப் போகிறதாம், கை துடைக்கிற வேஸ்ட் துணியாக. நான்கூடப் பார்த்திருக்கிறேன், எங்கள் ஆபீஸுக்கு எதிர்ப் பட்டறையில் மெக்கானிக் ஒருவர் குழந்தைக் கவுனில் கிரீஸைத் துடைத்துக்கொண்டு நிற்பார். நல்லதாக இருப்பதை அவர்கள் குடியிருக்கும் சந்திலேயே ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரித்துப் போட்டு விற்பார்கள். சூரமங்கலத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

சரோஜா விடியற்காலையிலேயே போய்விடுவாள். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் பால் வாங்க வந்ததாகச் சொல்ல, கையில் ஒரு தூக்குப் போசியும் இருக்கும். ஒவ்வொரு துணியையும் எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பாள்.

"இது செத்தவங்க துணி இல்லியே?"

"ஐயோ, இல்லவே இல்ல தாயி. சத்தியமா" என்பார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாலு ஊர்த் துணி ஒரே மூட்டையில் கிடக்கிறது. இருந்தாலும் அந்தச் சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் காசைக் கொடுப்பாள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பழைய அலுமினியக் குண்டாவில் சலவைச் சோடா போட்டு வேக வைப்பாள். அந்த நாற்றம் வீடு முழுக்க இருக்கும், சோடாவும் அந்துருண்டையும் யாரோ பூசிய பவுடரும் கலந்த ஒரு வாசம். ரெண்டு நாள் மொட்டை மாடி வெயிலில் காயும். காலர் பட்டைக்குள் வெளுப்பவர் போட்ட மைக்குறி இருந்தால் அதன் மேல் சின்னத் துண்டு வைத்துத் தைப்பாள். இஸ்திரியும் அவளேதான். தெரு முனை இஸ்திரிக்காரரிடம் கொடுக்கமாட்டாள். ஊர்த் துணியெல்லாம் அவர் கையில் பழகியது, எதையாவது அடையாளம் கண்டுவிடுவார் என்று பயம்.

இதில் ஒளிவு மறைவு எங்கள் வீட்டுக்குள் கிடையாது. நாலு பேருக்கும் தெரியும். வெளியில்தான் ஒருவருக்கும் தெரியாது.

ஆபீஸில் கிடைத்த பெயர்

ஆபீஸில் எனக்கு நல்ல பெயர் வந்தது. "அண்ணனப் பாருங்கய்யா, சட்டைன்னா இப்படிப் போடணும்" என்று டிரைவர்கள் சொல்வார்கள். ஒருநாள் முதலாளியே என் காலரைத் தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டார். சேலம் டவுனில் ஒரு பெரிய கடையின் பெயரைச் சொன்னேன். கழுத்தெல்லாம் சூடாகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு மாதம் அந்தச் சட்டையைப் போடவில்லை.

என் துணியை யாராவது உற்றுப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். இது சின்ன வயசில் வந்தது. அப்பா லாரியில் கிளீனராக இருந்தார். அவருடைய காக்கி பேண்ட்டை வெட்டி எனக்குப் பள்ளிக்கூட டிராயர் தைத்துப் போட்டார்கள். உட்காருகிற இடத்தில் எத்தனை வெளுத்தாலும் போகாத ஒரு ஆயில் கறை. எழுந்து நின்று பாடம் ஒப்பிக்கச் சொன்னால், பின் பெஞ்சிலிருந்து "ஹாரன் அடி" என்று ஒரு குரல் வரும். வகுப்பே சிரிக்கும். சுவரோடு சுவராகச் சாய்ந்து நின்று ஒப்பிப்பதற்குப் பழகிக்கொண்டேன். இப்போதும் கூட்டத்தில் நான் சுவர் ஓரமாகத்தான் நிற்கிறேன், சரோஜா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

என் பெண்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் நினைத்தேன். வரவும் இல்லை. சரோஜா கை பட்ட துணியைப் பழையது என்று யாராலும் சொல்ல முடியாது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற வாரத்தில்தான் அந்த நீலச் சட்டை வந்தது.

"புதுசாட்டவே இருக்குதுங்க. ரெண்டு மூணு தடவதான் போட்டிருப்பாங்க" என்றாள். போட்டுப் பார்த்தபோது இடது கை குட்டையாக இருந்தது. "தையக்காரன் தப்பா வெட்டிப்போட்டான். அதான் போடாமக் குடுத்துட்டாங்க. மடிச்சு உட்டுக்கிட்டா யாருக்குத் தெரியும்?"

எனக்கும் அது சரியான விளக்கமாகவே பட்டது. கிளம்பும்போது கவிதா வாசல்படியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கதான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்றாள்.

இலைக்கு முன்னால்

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போய் இலையில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் மாலை போட்ட படம். மாப்பிள்ளையின் அப்பா அர்த்தநாரி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை மட்டும் முழங்கையில் மடங்கி, நீளாமல், மடியில் கிடந்தது. சின்ன வயசில் தறிக்கூடத்துக் கூரையிலிருந்து விழுந்து எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டதாம். இது பிறகு தெரிந்தது. அந்தக் கைக்கு அளவெடுத்துத்தான் தையல்காரர் வெட்டியிருந்தார். தப்பாக வெட்டவில்லை.

எனக்கு ஒரு பக்கம் சரோஜா, மறுபக்கம் அவள் அண்ணன் துரைசாமி உட்கார்ந்திருந்தார்கள். துரைசாமி புதுச்சத்திரத்துக்காரர், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர். அவர் மழையைப் பற்றி, மரவள்ளிக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நான் கேசரியை இலை ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

பையன் செந்தில்தான் பரிமாறினான். நல்ல பையன். அடக்கமான முகம். என் இலைக்கு முன்னால் குனிந்து, "இன்னொரு இட்லி வெச்சுக்குங்க மாமா" என்றான். நிமிரும்போது ஒரு கணம் நின்றான்.

"சட்டை நல்லாருக்குதுங்க மாமா. எங்கப்பாகிட்டகூட இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சு."

சரோஜாவின் கை இலையில் அப்படியே நின்றுவிட்டது. சமையலறையிலிருந்து, "செந்திலு, சட்னி எடுத்துட்டுப் போ சாமி" என்று அந்த அம்மாவின் குரல் வந்தது. அவன் போய்விட்டான். துரைசாமி சிரித்துக்கொண்டே, "நீலக் கலரு எல்லார்த்துக்கும் எடுக்கும்" என்றார்.

சாப்பிட்டு எழுந்ததும், வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல என்னையும் சரோஜாவையும் மட்டும் பின்பக்கம் அழைத்துப் போனார் பூங்கொடி.

"இது எங்க கெடச்சுதுங்கண்ணா?" என்றார்.

நான் வாயைத் திறக்கும் முன் சரோஜா சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சந்து, பாத்திரக்காரம்மா, எல்லாம். சொல்லி முடித்து, "செத்தவங்க துணி இல்லைன்னு சத்தியம் பண்ணுனாங்கங்க" என்று அழ ஆரம்பித்தாள்.

அந்த அம்மா எங்களைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாந்தானுங்க போட்டேன். அவரு போயி மூணு மாசம் பீரோவையே தொறக்கல. தொறந்தா அவரு வாசம். ஒருநா மத்தியானம் பாத்திரக்காரி வந்தா. என்ன நெனச்சனோ, எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டேன். ஒரு குண்டா குடுத்தா. அதக் கையில வாங்குன பொறவுதான் ஒடம்பெல்லாம் நடுங்குச்சு. புருசன் துணியப் போட்டுக் குண்டா வாங்கியிருக்கிறேன் பாருங்க. அட்டாலி மேல தூக்கிப் போட்டது, இன்னும் ஸ்டிக்கர்கூடப் பிரிக்கல."

"பையனுக்கு?" என்றேன்.

"ஒரு சட்டையாச்சும் எடுத்து வெச்சியாம்மான்னு கேட்டான். எல்லாத்தையும் பவானி ஆத்துல உட்டாச்சு சாமின்னு பொய் சொல்லிட்டனுங்க."

மூன்று பேரும் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து துரைசாமி, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று குரல் கொடுத்தார்.

நான் சொல்லி அனுப்பியது

பஸ்ஸில் வரும்போது அந்தச் சட்டை என் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தது. கழற்றி எறிய முடியாது. அத்தனை பேர் நடுவில் நான் இறந்து போன ஒரு மனிதரின் சட்டையில், அவர் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

மறுநாள் துரைசாமிக்குப் போன் செய்து, ஜாதகத்தை வேறொருவரிடம் காட்டியதாகவும் பொருந்தவில்லை என்று சொன்னதாகவும் தெரிவிக்கச் சொன்னேன். அந்த வீட்டுக்குள் மறுபடி எப்படிக் காலடி வைப்பது? அந்தப் பையன் என்னை மாமா என்று கூப்பிடும்போதெல்லாம் எங்கே பார்ப்பது?

சரோஜா அன்று என்னிடம் சத்தம் போட்டாள். முப்பது வருஷத்தில் அப்படி அவள் பேசியதில்லை.

"பொண்ணோட வாழ்க்கையவிட உங்க வெக்கம் பெருசாப் போச்சுங்களா?"

"உனக்கு வெக்கமா இல்லியா?"

"இருக்குதுங்க. எனக்குந்தான் இருக்குது. அதுக்காக?"

கவிதாவுக்குச் சட்டை விஷயம் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. ஜாதகம் என்றுதான் அவளுக்கும் சொன்னோம். அவளும் செந்திலும் போனில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.  விஷயத்தைக் கேட்டதும் அவள் போனை ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். அதைப் பார்த்த பிறகும் நான் என் முடிவை மாற்றவில்லை என்பதை எழுத இப்போது கை கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். வாசலில் செருப்புச் சத்தம். பூங்கொடி தனியாக வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை. டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறார். முகமெல்லாம் வெயில்.

சரோஜா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லியுட்டீங்களாமா. மொதல்ல பத்துக்கு எட்டுப் பொருத்தம்னு சொன்னது யாருங்க?"

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மா தொடர்ந்தார்.

"பையன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேனுங்க. பவானியும் இல்ல, ஆறும் இல்லைன்னு. ஒரு வார்த்தை பேசல. ராத்திரி சாப்பிடல. காலைல எந்திரிச்சு, அந்தச் சட்டைய மாமா குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டான். அதுக்குத்தான் வந்தேன்."

சட்டையைச் சரோஜா துவைத்து மடித்துப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தாள். எடுத்து இரண்டு கையாலும் கொடுத்தாள். அந்த அம்மா அதைப் பிரிக்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். வாசம் தேடினார் என்று நினைக்கிறேன். சோடாவில் வெந்த துணியில் என்ன இருக்கும்? மெல்லப் பையில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் மொட்டை மாடியிலிருந்து கவிதா இறங்கி வந்தாள். தலைக்குக் குளித்து முடி உலர்த்தப் போனவள். வீட்டோடு போட்டுக்கொள்ளும் பாவாடை, அதற்கு மேல் தொளதொளவென்று ஒரு ஆண் சட்டை. பழுப்புக் கட்டம் போட்டது. வலது கை விரலை மறைத்துத் தொங்கியது. இடது கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றது.

சரோஜா அந்த மூட்டையில் ஒரு சட்டை மட்டும் எடுக்கவில்லை. அதே அளவில் இன்னொன்றும் எடுத்திருக்கிறாள். சாயம் போனது என்பதால், கையைக்கூடக் கவனிக்காமல், மகளுக்கு வீட்டோடு போட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டாள். ஆட்டையாம்பட்டியிலிருந்து வந்த பதற்றத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அது நினைப்பிலேயே இல்லை.

பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த அம்மா தன் மருமகளாக வரவேண்டிய பெண்ணை முதன்முதலாகப் பார்ப்பது இந்தக் கோலத்தில்.

கவிதா விழித்தாள். "யாருங்கப்பா?" என்றாள்.

  அந்த அம்மாவே சொன்னார், "செந்திலோட அம்மா, சாமி."

கவிதாவுக்கு உடம்பெல்லாம் கூச்சம். "இருங்கம்மா, மாத்திட்டு வந்துர்றேன்" என்று உள்ளே திரும்பினாள்.

"வேண்டாம். இரு."

கிட்டே போனார். சட்டையின் தோளைத் தொட்டார். பிறகு இடது கையைப் பிடித்து, துணி முடிகிற இடத்தில் கட்டை விரலால் மெல்ல நீவினார். கவிதா என்னைப் பார்த்தாள், சரோஜாவைப் பார்த்தாள். என்ன புரிந்ததோ, அசையாமல் நின்றாள்.

"இது எங்கூட்டுக்காரரு தறிக்குப் போறப்பப் போடற சட்டை சாமி" என்றார் பூங்கொடி. "நூலுப் பஞ்செல்லாம் அப்பிட்டு வருவாரு. எத்தனை தடவ தொவச்சிருப்பேன்."

கவிதாவின் முகம் சிவந்தது. "எனக்குத் தெரியாதுங்கம்மா. கழட்டிக் குடுத்துர்றேன்."

"எதுக்கு? உனக்கு நல்லாத்தான் இருக்குது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கீழே குனிந்து பார்த்து, "இதென்ன, நடுப் பட்டன் இல்லாம ஊக்கு குத்தி வெச்சிருக்கற? வயசுப் புள்ள. அம்மிணி, ஊசி நூலு இருந்தாக் கொண்டாங்க" என்று சரோஜாவிடம் சொன்னார்.

அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். கவிதா வேறு உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து சட்டையைக் கொடுத்தாள். ஊசியில் நூல் கோர்க்க அவருக்குக் கண் தெரியவில்லை. கவிதா கோர்த்துக் கொடுத்தாள். பட்டனைத் தைத்து, நூலைப் பல்லால் கடித்து, மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"நம்மூட்டுக்கு வாரப்ப இதையுங் கொண்டா."

சரோஜா காப்பி போட உள்ளே போனவள், வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் வழக்கம்போலச் சுவரோரமாக நின்றிருந்தேன்.

பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். வழி நெடுக மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடினேன்.  அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பஸ் வந்தது. படியில் ஏறியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"ஜாதகம் பொருந்துதுன்னு உங்க மச்சான்கிட்டச் சொல்லீருங்கண்ணா."

சரி என்று தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பித் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அவர் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.